பாட்டி வீடு எந்த ஊரில்? ‘ஆலிஸ் இன் த சிட்டீஸ்’ பற்றிக் கொஞ்சம் பேசலாம்

வணக்கம் நண்பர்களே. ஜெர்மன் இயக்குநர் விம் வெண்டர்ஸ் என்றால் இப்போது பலருக்கும் ஞாபகம் வருவது 2023இல் வந்த ‘பெர்ஃபெக்ட் டேஸ்’தான். அதைப் பார்த்துவிட்டு அவருடைய பழைய படங்கள் பக்கம் போக நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது எது என்றால், 1974இல் வந்த ‘ஆலிஸ் இன் த சிட்டீஸ்’ என்பேன். கறுப்பு வெள்ளை. 16 எம்.எம். ஃபிலிம். டபிள்யூ.டி.ஆர் என்ற ஜெர்மன் தொலைக்காட்சி நிறுவனமும் பணம் போட்டதால்தான் எடுக்கவே முடிந்தது. இதை ரோட் மூவி, அதாவது பயணமே கதையாக ஓடும் படம், என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அது சரிதான். ஆனால் என் கணக்கில் இது ஒரு பாட்டிக் கதை. கிரிம் சகோதரர்கள் தொகுத்தார்களே, காட்டில் பிள்ளைகள் தொலைந்துபோகும் கதைகள், அந்த வகை.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபிலிப் வின்டர் என்று ஒரு ஜெர்மன் பத்திரிகையாளர். அமெரிக்காவைப் பற்றி எழுதித் தருகிறேன் என்று போனவர், ஒரு வரிகூட எழுதாமல் பெட்டி நிறைய, எடுத்ததுமே கையில் வரும் போலராய்ட் படங்களோடு நியூயார்க் வந்து நிற்கிறார். நடித்தவர் ரூடிகர் ஃபோக்லர். ஊர் திரும்பலாம் என்றால், விமான நிலைய ஊழியர் வேலைநிறுத்தத்தால் ஜெர்மனிக்கு விமானம் இல்லை, ஆம்ஸ்டர்டாமுக்குத்தான் இருக்கிறது. நியூயார்க்கில் டிக்கெட் வாங்கும் இடத்தில் ஒரு தாயையும் ஆலிஸ் என்ற 9 வயது மகளையும் சந்திக்கிறார். மறுநாள் அந்த அம்மா ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போய்விடுகிறார்: பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள், நான் பின்னால் வருகிறேன் என்று. ஆம்ஸ்டர்டாமில் காத்திருக்கிறார்கள். அம்மா வரவில்லை.

சரி, இப்போது என்ன செய்வது? பிள்ளைக்கு ஒரு பாட்டி இருக்கிறாள். எந்த ஊரில்? தெரியாது. பாட்டியின் பெயர்? அதுவும் தெரியாது. ஆலிஸ் விமான நிலையக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள். ஃபிலிப் வெளியே நின்று ஜெர்மன் ஊர்ப் பெயர்களை அகர வரிசையில் ஒவ்வொன்றாகப் படிக்கிறார். வரிசையின் கடைசிக்கு வந்து வுப்பர்டால் என்றதும் கதவு திறக்கிறது. புறப்பட்டுவிடுகிறார்கள்.

வுப்பர்டால் என்ற ஊரே பாதி மாயக் கதைதான். ஆற்றுக்கு மேலே தண்டவாளத்தில் தொங்கிக்கொண்டு போகும் ரயில், 1901 முதல் ஓடுகிறது. 1950இல் ஒரு சர்க்கஸ் விளம்பரத்துக்காக டுஃபி என்ற குட்டி யானையை அதில் ஏற்றினார்கள். அது மிரண்டுபோய் உடைத்துக்கொண்டு ஆற்றில் குதித்து உயிரோடு எழுந்து வந்தது. உண்மைச் சம்பவம், தேடிப் பாருங்கள். படத்தில் யானை கிடையாது, ரயில் உண்டு. இவர்கள் அந்த ரயிலிலும், வாடகைக்கு எடுத்த ரெனோ 4 காரிலும் தெருத் தெருவாகச் சுற்றுகிறார்கள். அப்புறம் ஒரு கடையில் ஐஸ்கிரீம் சாப்பிடும்போது ஆலிஸ் சாவகாசமாகச் சொல்கிறாள், பாட்டி வுப்பர்டாலில் இருந்ததே இல்லை என்று. பக்கத்தில் ஜூக்பாக்ஸில், காசு போட்டால் பாட்டுப் போடும் பெட்டியில், சாய்ந்தபடி ஒரு பையன் தன்பாட்டுக்கு ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டு நிற்கிறான். கேமரா நிதானமாக அவனையும் பார்க்கிறது. அவனுக்கும் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எனக்குப் படத்திலேயே பிடித்த இடம் இதுதான்.

நான் பாட்டிக் கதை என்று சொன்னதற்குக் காரணம் ஒரு ஹோட்டல் அறைக் காட்சி. தூக்கம் வராத ஆலிஸ் கதை சொல்லச் சொல்கிறாள். எனக்குக் கதையெல்லாம் தெரியாது என்று எரிந்து விழுகிறார் ஃபிலிப். பிறகு மெதுவாக ஆரம்பிக்கிறார்: வழி தவறிப்போன ஒரு பையன். அம்மாவோடு நடக்கப் போனவன், ஒரு முள்ளெலியின் பின்னால் ஓடுகிறான், அதை விட்டு இன்னொன்றின் பின்னால், அப்படியே போய்க்கொண்டே இருக்கிறான். கடைசியில் கடற்கரைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அவனுக்கு அம்மா ஞாபகம் வருகிறது. அதற்குள் ஆலிஸ் தூங்கிவிட்டாள். அமெரிக்கா முழுக்கச் சுற்றியும் ஒரு வரி எழுத வராத மனிதன், முதல் முறையாக ஒரு கதையை முடித்திருக்கிறான். அந்தக் கதையில் தொலைந்தவன் யார் என்று பாருங்கள். ஆலிஸ் இல்லை. கண்ணில் பட்டதையெல்லாம் படமெடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போன ஃபிலிப்தான்.

அடுத்து அவர்கள் கையில் இருப்பது ஒரு போட்டோ. பாட்டி வீட்டு வாசல், ஆள் யாரும் இல்லை. அதைக் காட்டிக் காட்டி மேற்கு ஜெர்மனியின் ரூர் பகுதி முழுக்க விசாரிக்கிறார்கள். ஓபர்ஹவுஸன், கெல்சன்கிர்ஷன் என்று சுரங்கத் தொழிலாளர் ஊர்கள். சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, பழைய வீடுகள் இடிபட்டுக்கொண்டிருந்த காலம். வெண்டர்ஸ் பள்ளிப் படிப்பை முடித்தது அந்த ஓபர்ஹவுஸனில்தான். கடைசியில் வீடு கிடைத்தே விடுகிறது. ஆலிஸ் மணியடிக்கிறாள். கதவைத் திறப்பது ஓர் இத்தாலியப் பெண். இரண்டு வருடமாகத்தான் அங்கே இருக்கிறார், முன்பு யார் இருந்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. கிரிம் கதையாக இருந்தால் உள்ளே சூனியக்காரியாவது இருந்திருப்பாள். இத்தாலியோடு போட்ட 1955 தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பிறகு வேலைக்கு வந்த இத்தாலியர்கள் குடியிருக்கும் மேற்கு ஜெர்மனியில், கதவுக்குப் பின்னால் இருப்பது அன்றாடம் மட்டும்தான். காசில்லாத படம் என்பதால்தான் இது சாத்தியம் என்று நினைக்கிறேன். செட் போட வசதி இருந்திருந்தால் அந்த வீட்டை அழகாகக் கட்டியிருப்பார்கள், கெட்டிருக்கும்.

எடுத்த கதையும் சுவையானது. ஷூட்டிங் ஆரம்பிக்கும் முன் ‘பேப்பர் மூன்’ என்ற அமெரிக்கப் படத்தைப் பார்த்திருக்கிறார் வெண்டர்ஸ். ஒரு ஆள், ஒரு சிறுமி, ஊர் ஊராகப் பயணம், அதுவும் கறுப்பு வெள்ளை! இனி இதை எடுத்து என்ன பயன் என்று கைவிடப் பார்த்தார். ஹாலிவுட் இயக்குநர் சாமுவேல் ஃபுல்லர்தான் விடாதே, மாற்றி எழுது என்று ஊக்கம் கொடுத்தார். ஒளிப்பதிவு ராபி முல்லர், இசை ‘கான்’ என்ற ஜெர்மன் ராக் குழு. ஆலிஸாக வரும் யெல்லா ராட்லெண்டர் நடிக்கிற மாதிரியே தெரியாது. பசிக்கிறது என்று சொன்னால் நமக்கே பசிக்கும்.

ஒரு குறையும் உண்டு. அமெரிக்கப் பகுதி இழுக்கிறது. அலுப்பைக் காட்டுவதற்காக நம்மையும் அலுப்பாக்க வேண்டுமா என்ன? ஆலிஸ் வரும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள், போதும். 1.5 வேகத்தில் மட்டும் ஓட்டாதீர்கள். 2014 வாக்கில் மீட்டெடுத்த பிரதி இருக்கிறது, அதைத் தேடிப் பாருங்கள். கடைசி ரயில் காட்சியில் ஃபிலிப் பிரிக்கும் செய்தித்தாளைக் கவனியுங்கள்: 1973 ஆகஸ்டில் இறந்த அமெரிக்க இயக்குநர் ஜான் ஃபோர்டின் அஞ்சலிக் குறிப்பு அது. முடிவை நான் சொல்லவில்லை, பார்த்துவிட்டு வாருங்கள், பேசலாம்.