ஒரே ஒரு நுண்ணோக்கியும் பத்தொன்பது பிள்ளைகளும்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையின் தமிழ்ப் பெரியோர்களே, வணக்கம்.

சிறிய கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் பலம் மிகுதியா, பலவீனம் மிகுதியா என்ற இந்தப் பட்டிமன்றத்தில், பலமே மிகுதி என்பது எங்கள் அணியின் வாதம். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், ஆய்வகம் சிறிது, ஆசிரியர் போதாது, பிள்ளைகள் குறைவு என்று மூன்று குறைகளை அடுக்கினார்.

ஆய்வகத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நான் படித்த பள்ளியில் இருந்தது ஒரே ஒரு நுண்ணோக்கி. எங்கள் வகுப்பில் பத்தொன்பது பேர். வெங்காயத்தின் உள்தோலை அயோடின் துளியில் நனைத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்த ஆசிரியை, செங்கல் அடுக்கியதுபோலச் செல்கள் தெரிகின்றனவா என்று ஒவ்வொருவரையும் கேட்டார். கடைசிப் பெஞ்சிலிருந்து வந்த நான் "இருட்டாக இருக்கிறது டீச்சர்" என்றதும், கீழிருந்த கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, என் கையாலேயே திருகச் சொல்லி, எனக்குத் தெரியும்வரை அருகில் நின்றார். அறுபது பேர் வரிசையில் நிற்கும் வகுப்பில் ஓர் ஆசிரியைக்கு அந்த நேரம் கிடைக்காது.

ஆசிரியர் போதாது என்பது உண்மை. அதை மறைக்க மாட்டேன். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வான எஸ்.எஸ்.எல்.சி.யின் வினாத்தாள் எங்களுக்குத் தமிழில் வருகிறது. ஆனால் தமிழில் கணிதம் நடத்துபவர் மாற்றலாகிப் போய், மாதக்கணக்கில் நாங்கள் தவித்த ஆண்டும் உண்டு. அது பள்ளியின் பலவீனமா? கேரளத்தில் பள்ளி திறந்து ஆறாம் வேலை நாளில் எடுக்கும் மாணவர் தலைக்கணக்கை வைத்தே ஆசிரியர் பணியிடங்களை நிர்ணயிக்கிறார்கள். 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது நம் ஊர் அடங்கிய, பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டம் கேரளத்தில் நின்றது; மலையாளம் பேசும் மாநிலத்தில் தமிழர் சிறுபான்மையர். இங்குள்ள தமிழ்வழி வகுப்புகளின் தலைக்கணக்கு பெரிதாக இருக்க வழியில்லை. தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்யச் சொல்லும் அரசமைப்பின் 350அ பிரிவும் தொடக்கநிலையோடு நின்றுவிடுகிறது. குறை கணக்கிடும் முறையில் இருக்க, பழியைப் பள்ளியின் தலையில் போடுவது நியாயமன்று.

பிள்ளைகள் குறைவு என்பதைத்தான் நான் பெரும்பலம் என்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் என் தோழி இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் மாலை தலைமையாசிரியர் சைக்கிளை மிதித்துத் தென்னந்தோப்புக்கே போய்விட்டார். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அவளுடைய அம்மா அழுதிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் பேசிக் குழந்தைக்கு வழிசெய்த பிறகே அவர் திரும்பினார். மறுநாள் தோழி வகுப்பில் இருந்தாள்.

எதிரணியினர் புகழும் பெரிய பள்ளி, எங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில் இருக்கிறது. அங்கிருந்து அந்தத் தோப்புக்கு யார் வந்திருப்பார் என்பதை அடுத்துப் பேச வருபவர் இந்த மேடையில் சொல்லட்டும், நடுவர் அவர்களே.