மாமாவுக்கு ஒரு கொப்பி, எனக்கு ஒரு கொப்பி

(திரையில்: ஓரம் மடங்கிய சீஆர் கொப்பி ஒன்று. உள்ளே பென்சில் எழுத்து.)

இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் கிட்டப் பாருங்கள். "மாமா, மா 5 கிலோ, டின் மீன் 1, சவர்க்காரம் 2." திகதி இல்லை, விலை இல்லை, எந்த மாமா என்றும் இல்லை. எனக்கோ சுற்றுவட்டாரத்தில் ஒன்பது மாமா. ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை போகிற வழியில், நோர்வுட் பக்கம் நான் சில்லறைக் கடை போட்ட முதல் வருடத்துக் கடன் கொப்பி இது. எழுதியது நான்தான், இன்றைக்கு எனக்கே விளங்கவில்லை.

ஏன் இப்படி எழுதினேன்? கூச்சம். மாமா எதிரில் நிற்கிறார், சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கித் திருவிழா காட்டியவர், அவர் முன்னால் பேனாவை எடுத்து விலை போட்டு எழுத கை வரவில்லை, அவர் போன பிறகு அவசரமாகப் பென்சிலால் கிறுக்கி வைத்தேன்.

இதில் ஒரு வேடிக்கை. நம் வீட்டுக் கல்யாணத்தில் மொய் எழுத ஒருவரை மேசை போட்டு உட்கார வைக்கிறோம். பெயர், தோட்டம், தொகை எல்லாம் எல்லோர் கண்முன்னால் எழுதப்படுகிறது, ஒருவரும் கோபிப்பதில்லை. கடன் என்றால் மட்டும் பேனா கசக்கிறது. அந்தக் கசப்புக்குப் பழைய காரணம் ஒன்றும் உண்டு என்று நினைக்கிறேன். அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு ஆள் கூட்டிவந்து வேலை வாங்கிய கங்காணி பலருக்கு வெளியாள் இல்லை, ஊர்க்காரர், சில நேரம் சொந்தக்காரரே. அவர் கணக்கில் ஏறிய கடன் 'துண்டு' என்கிற சீட்டில் எழுதப்படும். அந்தக் கடனைக் கட்டாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. துண்டு முறையை 1921இல்தான் சட்டத்தால் ஒழித்தார்கள். கணக்கு எப்போதும் அடுத்தவன் கையில் இருந்த சனம் நாம், எழுத்தைப் பார்த்துப் பயப்படாமல் என்ன செய்யும்?

அதனால் நான் செய்தது இதுதான்.

(திரையில்: ஒரே மாதிரி இரண்டு சின்னக் கொப்பி.)

ஒன்று கடையில், ஒன்று மாமா கையில். சாமான் கொடுக்கும்போது இரண்டிலும் திகதி, சாமான், விலை. அவர் எதிரிலேயே எழுதுவேன். பத்தாம் திகதி தோட்டத்தில் சம்பளம் போட்டதும் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கூட்டுவோம், என் கொப்பியில் அவர் கையெழுத்து, அவர் கொப்பியில் என் கையெழுத்து.

கையெழுத்து எதற்கு என்று கேட்பீர்கள். வழக்குப் போட எவ்வளவு காலம் இருக்கிறது என்று சொல்லும் 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் ஒன்று நம் இலங்கையில் இருக்கிறது. கடைக் கணக்குக் கடனுக்கு அது தருவது ஒரு வருடம். பணம் தரவேண்டிய நாளிலிருந்து அந்த ஒரு வருடம் போய்விட்டால் நீதிமன்றம் போயும் பிரயோசனம் இல்லை. கையெழுத்துப் போட்டு எழுத்தில் கொடுத்த வாக்குறுதி என்றால் 6 வருடம். மாமா மேல் யார் வழக்குப் போடப் போகிறார்கள், நானும் போட மாட்டேன், ஆனால் தீபாவளிக்குத் தருகிறேன், தைப்பொங்கலுக்குத் தருகிறேன் என்று நாள் போவது எவ்வளவு சுலபம் என்று உங்களுக்குத் தெரியும்.

சரி, விலை குறைப்பது? தாராளமாகக் குறையுங்கள், ஆனால் குறைத்தது தெரியவேண்டும். அக்கா மகளின் சடங்குக்குச் சாமான் 18,400 ரூபாய். பில்லில் முழுத் தொகையைப் போட்டு, கீழே "கழிவு 1,400" என்று எழுதினேன். சும்மா 17,000 என்று சொல்லியிருந்தால் அதுதான் விலை என்று நினைத்து, அங்கிருந்து இன்னும் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். ஆயிரம் ரூபாய் பால்மாவில் ஐம்பது ரூபாய்தான் மிஞ்சுகிறது என்று வையுங்கள். அதைக் கடனாகக் கொடுத்து அந்த ஆயிரம் வராமல் போனால் நான் போட்ட முதலில் 950 போய்விட்டது, அதை மீட்க இன்னும் பத்தொன்பது ஆயிரத்துக்குப் பால்மா விற்கவேண்டும். இந்தக் கணக்கை அக்காவிடம் ஒருநாள் சொன்னேன், அதற்குப் பிறகு அவரே மற்றவர்களிடம் சொல்லத் தொடங்கிவிட்டார்.

இப்போது கூட்டாளி விஷயம், இதுதான் பெரிய குழி. "மச்சான், நீ பாதி போடு, நான் பாதி போடுறேன்" என்று தேநீர்க் கடையில் பேசி முடித்துவிடுகிறோம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, போடும் முதலீடு 1,000 ரூபாய்க்கு மேல் என்றால் கூட்டு வியாபாரம் எழுத்தில், கையெழுத்துடன் இருக்கவேண்டும். ஆயிரம் ரூபாய்! அதற்கு இன்றைக்கு ஒரு மூட்டை சீனி வராது. எழுத்து இல்லாவிட்டால் நண்பன் நாளைக்கு "நீ எனக்குக் கைமாற்றாகத்தானே தந்தாய்" என்று சொன்னாலும், கூட்டு இருந்தது என்று அவனுக்கு எதிராக நிறுவ வழியில்லை. ஆனால் சாமான் போட்ட மொத்த வியாபாரிக்கு அந்தத் தடை கிடையாது. வாய்ச் சாட்சியை வைத்தே இரண்டு பேரும் பங்காளிகள் என்று காட்டி, இரண்டு பேர் மேலும் வழக்குப் போடலாம். லாபத்துக்குப் பங்காளி இல்லை, கடனுக்கு மட்டும் பங்காளி.

நண்பனின் மகனை வேலைக்கு எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: தெரிந்த பிள்ளை என்பதற்காக ஊழியர் சேமலாப நிதி இல்லாமல் போகாது. உங்கள் பக்கம் 12 வீதம், அவன் சம்பளத்தில் 8, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நீங்கள் இன்னும் 3. சம்பளம் பேசும் அன்றைக்கே இதையும் பேசிவிடுங்கள்.

(திரையில்: மழை. கடை வாசல்.)

போன சம்பளத்துக்கு மாமா வந்தார். கொப்பியை இரண்டு ஷாப்பிங் பேக்கில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருந்தார். மேசையில் விரித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கி வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"மருமகனே, சீனி ரெண்டு கிலோன்னு போட்டிருக்க. அன்னைக்கு ஒன்றரை தானே குடுத்த?"

என் கொப்பியைப் பார்த்தேன். ஒன்றரைதான். அவருடைய கொப்பியில் நான்தான் மாற்றி எழுதியிருக்கிறேன். வெட்டித் திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.