ஐஸ்லாந்துக்கு ஒன்பது நாள்: வரைபடத்தில் எதை விடுவது?

வணக்கம். மேசையில் விரித்திருக்கும் இந்த வரைபடத்தைக் கேமராவுக்கு அருகில் கொண்டுவருகிறேன், பாருங்கள். தீவைச் சுற்றி ஓடும் இந்தச் சிவப்புக் கோடுதான் ஐஸ்லாந்தின் முதலாம் எண் நெடுஞ்சாலை. நீளம் சுமார் 1,320 கிலோமீட்டர். இதைப் பார்த்தவுடன், நாளுக்கு 200 கிலோமீட்டர் என்று வகுத்து ஒரே வாரத்தில் தீவைச் சுற்றி வந்துவிடலாம் என்று தோன்றும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் கணக்குப் போட்டேன். பிப்ரவரி மாதம், ஏழு நாள், ஒவ்வோர் இரவுக்கும் வெவ்வேறு ஊரில் பணம் திரும்பக் கிடைக்காத அறை. நான்காம் நாள் காலை, வீக் என்ற கடலோரச் சிற்றூருக்குக் கிழக்கே, புயற்காற்றின் காரணமாகச் சாலையை மூடிவிட்டார்கள். ஒன்றரை நாள் அங்கேயே தங்கினேன். இரண்டு அறைகளுக்குக் கட்டிய பணமும் போயிற்று, நான் பார்த்தே தீரவேண்டும் என்றிருந்த பனிப்பாறை ஏரியும் கைநழுவிப் போயிற்று. இந்தச் செப்டம்பரில் அம்மாவை அழைத்துக்கொண்டு மீண்டும் போகிறேன். ஆகவே எந்தெந்த இடங்களை விட்டுவிடுவது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டேன்.

முதலில் மாதம். ஜூன் பிற்பகுதியில் தலைநகர் ரெய்க்யாவிக்கில் சூரியன் நள்ளிரவை ஒட்டித்தான் மறைகிறது. வானம் முழுமையாக இருள்வதே இல்லை. பஃபின் பறவைகளைப் பார்க்க விரும்புவோருக்கு மே முதல் ஆகஸ்ட் வரையிலான காலமே உரியது. டிசம்பரிலோ பகல் வெளிச்சம் ஏறக்குறைய நான்கு மணி நேரந்தான். செப்டம்பர் நடுப்பகுதியில் பகல் சுமார் பதின்மூன்று மணி நேரம் நீடிக்கிறது, இரவில் துருவ ஒளி தென்படுமளவுக்கு இருட்டும் கிடைக்கிறது. கோடை முழுவதும் மலையில் கட்டின்றி மேய்ந்த ஆடுகளை உழவர்கள் ஊருக்கு ஓட்டிவந்து பட்டிகளில் பிரிக்கும் நாள்களும் அப்போதுதான் வருகின்றன. அம்மாவுக்கு அருவிகளைக் காட்டிலும் அந்தக் காட்சியே பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்து, விட்டவை. வடக்கே மீவாட்ன் ஏரி, 44 மீட்டர் உயரத்திலிருந்து சாம்பல் நிற நீரைக் கொட்டும் டெட்டிஃபொஸ், ஐஸ்லாந்து கிறித்தவத்தை ஏற்றபோது பழைய தெய்வச் சிலைகளை எறிந்ததாகச் சொல்லப்படும் கோடாஃபொஸ் ஆகிய மூன்றையும் பென்சிலால் அடித்துவிட்டேன். மனம் கேட்கவில்லைதான். ஆனால் வடக்கைச் சேர்த்தால் ஒன்பது நாளும் வண்டியிலேயே கழியும். நடுவிலுள்ள மேட்டுநிலத்தையும் விட்டுவிட்டேன். அங்கே போகும் சாலைகளின் எண்ணுக்கு முன்னால் 'எஃப்' என்ற எழுத்து இருக்கும், பெரும்பாலும் ஜூன் பிற்பகுதியில்தான் திறப்பார்கள், நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டி கட்டாயம், பாலமில்லாத ஆறுகளை இறங்கிக் கடக்க வேண்டும், கடக்கும்போது எஞ்சினில் தண்ணீர் புகுந்தால் காப்பீடு பொதுவாக உதவாது.

எஞ்சியது தென்கரை. ஊர்ப் பெயர்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஃபொஸ் என்றால் அருவி, யோகுல் என்றால் பனியாறு, வீக் என்றால் சிறு விரிகுடா, வாட்ன் என்றால் ஏரி. நம் ஊர்ப் பெயர்களில் குன்றமும் துறையும் ஏரியும் ஒட்டியிருப்பது போலத்தான் அங்கேயும். இந்த நான்கு சொற்கள் தெரிந்தால் வரைபடம் பாதி படித்ததாகிவிடும்.

முதல் இரண்டு நாள் ரெய்க்யாவிக்கும் அதன் சுற்றுப்புறமும். திங்வெட்லிருக்குக் கட்டாயம் போவோம். வட அமெரிக்கப் புவித்தட்டும் யூரேசியத் தட்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் வீதம் விலகிக்கொண்டிருக்கும் பிளவுப் பள்ளத்தாக்கு அது. 930-ஆம் ஆண்டில் ஐஸ்லாந்தியர்களின் பொதுமன்றம் கூடத் தொடங்கியதும் அந்தப் பாறைச் சுவரின் அடியில்தான். எரிமலை அங்கே பழங்கதையில்லை. விமான நிலையத்துக்குத் தெற்கேயுள்ள கிரிண்டாவிக் என்ற மீன்பிடி ஊரிலிருந்து 2023 நவம்பரில் மக்கள் அனைவரும் ஒரே இரவில் வெளியேற நேர்ந்தது. 2024 ஜனவரியில் எரிமலைக் குழம்பு அங்குள்ள வீடுகளை எரித்தது. அதே ஆண்டு நவம்பரில் குழம்பு 'புளூ லகூன்' வெந்நீர்க் குளத்தின் வண்டி நிறுத்துமிடத்தையே மூடியது. எனவே அந்தக் குளத்துக்கு முன்பதிவு செய்வோர் புறப்படும் நாளன்று நிலவரத்தைக் கட்டாயம் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஊர்ப் பொது நீச்சல் குளத்துக்குப் போகிறோம். பெரும்பாலான சிற்றூர்களில் வெந்நீர்த் தொட்டி இருக்கும், இறங்குமுன் உடையின்றி நன்றாகக் குளித்துவிட்டு வரவேண்டும் என்பது அங்கே கண்டிப்பான விதி.

மூன்றாம் நாள் முதல் கிழக்கு நோக்கிய பயணம். செல்யாலாண்ட்ஸ்ஃபொஸ் அருவியின் பின்புறமாக நடந்து போகலாம்; மழைச்சட்டை மட்டும் போதாது, கால்சட்டையும் நீர் புகாததாக இருக்க வேண்டும். வீக்கிற்கு அருகே ரெய்னிஸ்ஃபியாரா கருமணல் கடற்கரை. இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன்: பல அலைகள் அடங்கி வரும், பிறகு ஓர் அலை திடீரென்று கரையில் வெகுதூரம் ஏறிவந்து ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். அங்கே உயிரிழப்புகள் நேர்ந்திருக்கின்றன. படம் எடுப்பதற்காகக் கடலுக்கு முதுகு காட்டி நிற்க அம்மாவை விடமாட்டேன்.

சென்ற முறை சாலை திறந்தபின் எஞ்சியிருந்த அரை நாளில், அங்கிருந்து கிழக்கே எல்ட்ஹ்ரவுன் என்ற எரிமலைக் குழம்பு வெளி வரை மட்டும் போய்த் திரும்பினேன். 1783-இல் லாக்கி என்ற எரிமலைப் பிளவு வெடித்து எட்டு மாதம் கக்கிய குழம்பு அது. அதைத் தொடர்ந்த பஞ்சத்தில் நாட்டு மக்களில் ஐந்தில் ஒரு பங்கினர் மாண்டார்கள். இன்று கண்ணுக்கெட்டிய தொலைவு வரை சாம்பல் கலந்த பச்சைப் பாசி. சாலையோர ஒதுக்கிடத்தில் நின்று ஒரு பாறை விளிம்பை உள்ளங்கையால் தொட்டேன். விரல்கள் இரண்டாம் கணு வரை அமிழ்ந்தன, ஈரப்பஞ்சு போலச் சில்லென்று இருந்தது, கையை எடுத்தபின் பள்ளம் அப்படியே நின்றது. மிதித்த தடம் ஆறப் பல பத்தாண்டுகள் ஆகுமாம். தயவுசெய்து யாரும் அதன்மேல் நடக்காதீர்கள்.

அதற்கும் அப்பால் யோகுல்சார்லோன், நான் தவறவிட்ட ஏரி. பனியாறு பின்வாங்கியதால் 1930-களில் உருவாகத் தொடங்கிய அந்த ஏரிதான் இன்று நாட்டிலேயே மிக ஆழமானது. பனியாற்றிலிருந்து உடைந்த கட்டிகள் கடலுக்குப் போய், மீண்டும் கருமணலில் ஒதுங்குகின்றன. சிலவற்றுள் பழைய எரிமலைச் சாம்பல் கரிக்கோடாகப் படிந்திருக்கும். ரெய்க்யாவிக்கிலிருந்து சுமார் 375 கிலோமீட்டர். போய்த் திரும்ப ஒரே நாளில் முயல்கிறார்கள், வேண்டாம்.

வண்டியைப் பற்றி ஒன்று. அங்கே காற்றின் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று அறிவிப்பார்கள், 3.6-ஆல் பெருக்கினால் மணிக்குக் கிலோமீட்டர் கிடைக்கும். 20 என்றால் 72. அந்தக் காற்றில் கதவை ஒரு கையால் திறந்தால் கீல் வளைந்துவிடும். எனக்கு அப்படி நேர்ந்து, பழுதுக்கான முழுச் செலவும் என் தலையில் விழுந்தது. காற்றுக்கு முகம் கொடுத்து நிறுத்துங்கள், இரண்டு கைகளாலும் கதவைப் பிடியுங்கள். மணல், சாம்பலுக்கான தனிக் காப்பீடு தென்கரைக்கு அவசியம் என்பது என் கருத்து.

விசாவைப் பொறுத்தவரை, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாதான். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். சாப்பாட்டுக்கு, சமையலறையுள்ள தங்குமிடங்களாகப் பார்த்திருக்கிறேன். வெளியே இருவர் சாப்பிட்டால் கட்டுப்படியாகாது. குழாயில் வரும் குளிர்ந்த நீரை அப்படியே குடிக்கலாம். வெந்நீரில் கந்தக வாடை வரும், அதில் காபி போடாதீர்கள்.

இதோ, ஆறாம் நாளையும் ஏழாம் நாளையும் கட்டம் போட்டு வெறுமையாக விட்டிருக்கிறேன். சாலை மூடினால் அந்த நாள்கள் ஈடுகட்டும்; மூடாவிட்டால் ஏரிக்கரையில் இன்னொரு காலை. இன்றிரவு ஏரிக்கு அருகிலுள்ள ஒரு பண்ணை விடுதியில் மூன்று இரவுகளுக்கு முன்பதிவு செய்கிறேன், முந்தின நாள் வரை ரத்து செய்யும் வசதியோடு.