அரியலூர் மண்ணுக்கு அடியில்

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம். பெரம்பலூரில் பேருந்து ஏறி அரியலூர் வழியாக ஜெயங்கொண்டம் போகிறவர் ஜன்னலோரம் உட்கார்ந்தாலே போதும், நம் பாறைகளின் வரிசை புரிந்துவிடும். இங்கே அடுக்குகள் கிழக்கே லேசாகச் சாய்ந்திருக்கின்றன. அதனால் மேற்கே போகப் போகப் பழைய பாறை, கிழக்கே வர வரப் புதியது.

மேற்குக் கோடியில் இருப்பது கருங்கல். அதில் உயிரின் தடயம் கிடையாது, விட்டுவிடுவோம். டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில் அதன்மேல் கடல் ஏறி வந்தது. 1860 வாக்கில் இந்தப் பகுதியை ஆராய்ந்து எழுதிய புவியியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்டு, அந்தக் கடல் படிவுகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அந்தப் பெயர்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன.

ஊட்டத்தூர் தொகுதியைப் பார்க்கக் காரை கிராமத்துக்குப் போங்கள். ஓடை அரித்த வெறும் களிமண் மேடுகள். மழை விட்ட மறுநாள் போனால் ஜிப்சம் தகடுகள் கண்ணாடிச் சில்லுபோல மின்னும். காலடியில் ஒரு முனை கூரான, உருண்டு நீண்ட பழுப்புக் கல் தட்டுப்படும். அது பெலம்னைட், கணவாய் மீனின் பழைய உறவுக்காரன் ஒன்றின் உள்ளோடு. அப்புறம் திருச்சி தொகுதி, அதற்குச் சாத்தனூர் போங்கள். அங்கே கல்லாகிப்போன மரம் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது.

அரியலூர் தொகுதிதான் ஊருக்குச் சோறு போடுகிறது. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் கிரைஃபியா என்ற தடித்த சிப்பி அடை அடையாக இருக்கும். சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழம் குறைந்த கடலில் சேர்ந்தவை. சில இடங்களில் அதைக் கல் என்று சொல்வதே தப்பு, சிப்பிக் குவியல்தான். சிமென்ட் ஆலைகள் வெட்டுவது இதைத்தான். உங்கள் வீட்டுச் சுவரிலும் அந்தக் கடல் கொஞ்சம் இருக்கலாம்.

அதற்கு மேலே கல்லமேடு மணற்கல். கடல் பின்வாங்கி ஆறு ஓடிய காலம். டைனோசர் எலும்பு கிடைத்தது அங்கேதான். 1987இல் ஆய்வாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் புருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்ட ராட்சத விலங்கின் எலும்புகள் பிறகு நொறுங்கிப் போயின. இன்று படங்கள்தான் மிச்சம். அதற்கும் மேலே உள்ள நினியூர் அடுக்கில் கடல் திரும்பி வந்த தடயம் உண்டு. ஜெயங்கொண்டம் பக்கம் கரிசல் முடிந்து செம்மண்ணும் முந்திரியும் வந்தால், கீழே கடலூர் மணற்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஒரு கோரிக்கை. தரையில் நின்றால் கரிசல்தான் தெரியும். அடுக்கு தெரிவது சுரங்கக் குழிக்குள் இறங்கினால்தான். வெட்டி முடித்த குழிகளில் தண்ணீர் தேக்கட்டும், மீன் வளர்க்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு பக்கச் சுவரையாவது மூடாமல் விடச் சொல்லி கிராமசபையில் கேளுங்கள். வாரணவாசி அருங்காட்சியகத்தில் சிப்பியைப் பார்க்கலாம். அது எதன் மேல், எதன் கீழ் கிடந்தது என்பதை அந்தச் சுவரில்தான் பார்க்க முடியும்.