நாலு குச்சியில் கொரியா

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பெற்றோர்களே, ஆசிரியர்களே, வணக்கம்.

வேற்று நாட்டுப் பண்பாடு பிள்ளைகள் மனத்தில் பதிவது பாடத்தாலா, விளையாட்டாலா? இதுதான் தலைப்பு. எதிரணிச் சகோதரி, "விளையாட்டில் யார் ஜெயித்தார் என்பதுதான் பிள்ளைக்கு நினைவிருக்கும், நாடு மறந்துபோகும்" என்றார். அப்படி நடப்பதுண்டு, மறுக்கவில்லை. ஆனால் குற்றவாளி விளையாட்டா, அதை நடத்தியவரா? பொதுவாகப் பேசிப் பொழுதைப் போக்காமல் ஒரே ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்கிறேன்: கொரியாவின் யுன்னோரி.

சியோல்லால் எனும் சந்திரப் புத்தாண்டன்று கொரியக் குடும்பங்கள் பெரியவர்களை விழுந்து வணங்கி, அரிசி வில்லை போட்ட சூப்பு குடித்துவிட்டு உட்கார்ந்து, குச்சி வீசிக் காய் நகர்த்தி ஆடும் ஆட்டம் இது. 2022இல் கொரிய அரசு இதைத் தேசிய மரபுரிமையாக அறிவித்தது. எந்தக் கலைஞரையும் குழுவையும் இதற்கு உரியவராகக் குறிக்கவில்லை. நாடே ஆடுகிறதே, யாரைக் குறிப்பது?

வேண்டியது நான்கு குச்சி. இரண்டரை செ.மீ. தடிமனுள்ள உருண்டைக் கம்பில் 15 செ.மீ. நீளத்தில் இரண்டு துண்டு வெட்டி, நெடுக்காகப் பிளந்தால் நான்கும் தயார். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு. ஐஸ் குச்சியை வைத்துச் சமாளிக்கிறார்கள். அதற்கு வளைவு இல்லை, உருளாமல் சறுக்கும். சிமெண்ட் தரையில் போட்டால் தெறித்து ஓடும், சண்டை வரும். பாய் விரியுங்கள். பாயை விட்டு ஒரு குச்சி வெளியே விழுந்தாலும் அந்த வீச்சு செல்லாது. உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்கு மேலே தூக்கிப் போட வேண்டும். இல்லையென்றால் கெட்டிக்காரப் பிள்ளை குச்சியைப் 'போடாது', வைக்கும்!

தட்டைப் பக்கம் மேலே தெரிவதை எண்ணுங்கள். ஒன்று பன்றி, ஓரடி. இரண்டு நாய், மூன்று ஆடு, நான்கு மாடு. நான்கும் கவிழ்ந்து வளைவு மட்டும் தெரிந்தால் குதிரை, ஐந்தடி; அந்த வீச்சின் கொரியப் பெயரைச் சொல்லி 'மோ!' என்று கத்துவார்கள். மாட்டுக்கும் குதிரைக்கும் மறுவீச்சு உண்டு. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: குச்சி கிடைக்கவில்லையென்று பகடையைக் கொடுத்துவிடுகிறார்கள். நான்கு குச்சி விழும் வகை 16. அதில் நாய் 6, பன்றி 4, ஆடு 4, மாடும் குதிரையும் தலா 1. குச்சியின் வடிவத்தைப் பொறுத்து இது கொஞ்சம் மாறும். ஆனால் குதிரை அரிது என்பது மாறாது. பகடையில் எல்லா எண்ணும் சமம். பகடை வந்ததும் பன்றி முதல் குதிரை வரை நிற்கும் அந்த உழவர் வீட்டுத் தொழுவம் காணாமல் போகிறது. பிறகு நாடு மறந்துபோயிற்று என்றால் எப்படி, சகோதரி?

இன்னொரு நண்பர், "இது நம்ம தாயம்தானே, புதிதாக என்ன கற்றுக்கொள்ளும்?" என்றார். நன்றி ஐயா, எங்கள் வாதத்தை நீங்களே எடுத்துக் கொடுத்தீர்கள். வெட்டினால் மறுவாய்ப்பு என்பது நம் பிள்ளைக்குத் தெரியும், அதனால் விளக்கமில்லாமலே உள்ளே வந்துவிடும். வந்தபின்தான் வித்தியாசம் உறைக்கும். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்ற காத்திருப்பு இங்கே இல்லை, முதல் வீச்சிலேயே காய் இறங்கும். வெட்டுப்படாமல் ஏறி நிற்க மலையும் இல்லை. களத்தில் 29 புள்ளி: சுற்றில் 20, குறுக்குக் கோடுகளில் 9. மூலையில் சரியாக நின்றால்தான் குறுக்கு வழி.

அணிக்கு நான்கு காய். ஒரே அணியின் இரண்டு காய்கள் ஒரே புள்ளியில் சேர்ந்தால் ஒன்றை ஒன்று சுமந்து சேர்ந்தே போகலாம். வேகம்தான், ஆனால் எதிரி வெட்டினால் இரண்டும் வீட்டுக்கு! சுமப்பதா, பிரித்து ஓட்டுவதா என்று பாட்டியும் பேரனும் ஒரே அணியில் உட்கார்ந்து வாதாடுகிறார்களே, அந்த வாதம்தான் கொரியப் புத்தாண்டு. ஒருவருக்கு ஒருவர் என்று ஆடவிட்டால் இது கிடைக்காது. அணிக்கு நான்கு பேர் வையுங்கள், கலந்த வயதில். ஆறைத் தாண்டினால் முறை வருவதற்குள் கடைசிப் பிள்ளை எழுந்து ஓடிவிடும். ஒரு குச்சியில் குறி போட்டு, அது மட்டும் தட்டையாக விழுந்தால் ஓரடி பின்னே போகும் விதி ஒன்று உண்டு. அதை முதல் நாளே நுழைக்காதீர்கள், குழம்பும்.

எதிரணி கவனிக்க வேண்டியது வரிசையை. பத்து நிமிட முன்னுரை வேண்டாம். முதலில் ஓர் ஆட்டம், அரைமணி போதும். பிறகு கேளுங்கள்: குதிரைக்கு ஏன் ஐந்து? பன்றிக்கு ஏன் ஒன்று? விடையைப் பிள்ளைகளே தேடுவார்கள். சூப்பையும் வணக்கத்தையும் அப்போது சொல்லுங்கள், காது கொடுப்பார்கள். இரண்டாம் ஆட்டத்துக்குப் பிள்ளைகளே பெரியவர்களை அணியில் இழுக்கட்டும்.

1950இல் மூண்ட கொரியப் போரையும் நாடு இரண்டாக நிற்பதையும் நாலு குச்சியில் சொல்ல முடியுமா என்றால், முடியாது. அந்தப் பாடத்தை எதிரணிக்கே விட்டுக்கொடுக்கிறேன், தாராளமாக நடத்தட்டும். ஆனால் அதைக் கேட்க வரும் பிள்ளைக்குக் கொரியர் என்றால் தன்னைப்போலவே வெட்டுப்பட்டால் கூச்சல் போடுகிறவர் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டாமா, நடுவர் அவர்களே? மணி அடித்துவிட்டீர்கள். நன்றி, வணக்கம்.