நாக்குக்கு அடியில் ஐந்து நிமிடம்: ஹெரோயின் சிகிச்சை பார்மசிக்கு வந்தால்

[திரையில்: பார்மசி மேசை. ஒரு கிளாஸ் தண்ணீர். அலுமினியத் தாள் உறையில் ஒற்றைக் குளிசை.]

புல்மோட்டையிலிருந்து திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்கு ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் தூரம். காலையில் பஸ் ஏறி, கிளினிக்கில் காத்திருந்து, மருந்தெடுத்துத் திரும்பினால் அன்றைய நாள் சரி. சீனி வருத்தக்காரர் மாதம் ஒருமுறை இப்படிப் போய் வரலாம். ஹெரோயினை விடுவதற்கான மருந்தோ தொடக்க வாரங்களில் தினமும் வேண்டும். கடலுக்குப் போகிறவர், மேசன் வேலைக்குப் போகிறவர், இப்படித் தினமும் அலைந்தால் வீட்டில் உலை வைப்பது யார்? முதல் கிழமையிலேயே சிகிச்சை அறுந்துவிடும். பிறகு ஊர் அவரை 'மன உறுதி இல்லாதவன்' என்று சொல்லும். எங்களுக்கு இது மிகவும் அநியாயமாகப் படுகிறது.

இந்த மருந்து வீட்டுக்குப் பக்கத்துப் பார்மசியில் கிடைத்தால் என்ன மாறும், அதற்கு அந்தப் பார்மசியில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம்.

[திரையில்: பூட்டும் திறப்பும். திறப்பு பாதி மட்டும் திரும்புகிறது.]

மருந்தின் பெயர் பியூப்ரெனோர்பின். ஹெரோயின் மூளையில் எந்தப் பூட்டில் போய் நுழைகிறதோ, அதே பூட்டில்தான் இதுவும் நுழையும். ஹெரோயினைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும், ஆனால் பாதிதான் திருப்பும். அதனால் ஹெரோயினை நிறுத்தும்போது வருகிற உடம்பு உளைவு, வியர்வை, வயிற்றோட்டம் எல்லாம் அடங்கும், போதை ஏறாது. அளவு கூடக் கூட மூச்சை அடக்கும் வேகமும் கூடிக்கொண்டே போகாமல் ஒரு கட்டத்தில் நின்றுவிடும். இந்த உச்சவரம்புதான் பார்மசி மேசையில் வைத்துக் கொடுக்க இதைப் பொருத்தமாக்குகிறது. இதே சிகிச்சைக்குப் பாவிக்கும் இன்னொரு மருந்தான மெதடோனுக்கு இந்த வரம்பு இல்லை, அதற்குக் கண்காணிப்பு இன்னும் கடுமையாக வேண்டும். இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005 இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

'ஒரு போதைக்கு இன்னொரு போதையா?' என்று பலர் கேட்பார்கள். அளந்த அளவில், தெரிந்த மருந்தை, ஒரு நாளைக்கு ஒருமுறை எடுத்துவிட்டு வேலைக்குப் போகிற ஆள் போதையில் இல்லை. அவர் மருந்தில் இருக்கிறார்.

பிரான்ஸ் 1990களின் நடுவில் இந்த மருந்தைக் குடும்ப வைத்தியர்கள் எழுதவும் சாதாரணப் பார்மசிகள் கொடுக்கவும் வழிவிட்டது. 1995 இலிருந்து 1999 வரையில் அங்கே அளவு மீறிய போதையால் இறந்தவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. சிலர் குளிசையைக் கரைத்து ஊசியில் ஏற்றினார்கள் என்பதும் அங்கே நடந்ததுதான். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஓர் ஆய்வு நடந்தது, 2023 இல் வெளியானது. நிலைப்பட்ட நோயாளர்களில் பார்மசியில் தொடர்ந்த 28 பேரில் 25 பேர் ஒரு மாதத்துக்குப் பிறகும் சிகிச்சையில் இருந்தார்கள். வழக்கமான கிளினிக்குக்கு அனுப்பிய 30 பேரில் 5 பேர்தான். சிறிய ஆய்வு என்றாலும் இந்த வித்தியாசம் சிறியதல்ல.

[திரையில்: கடிகாரம். 12 மணித்தியாலம்.]

அதிகம் பிழை நடப்பது முதல் குளிசையில்தான். ஹெரோயின் உடம்பில் இருக்கும்போதே இதை எடுத்தால், இது ஹெரோயினைப் பூட்டிலிருந்து தள்ளிவிட்டுத் தான் பாதி மட்டும் வேலை செய்யும். ஒரு நாளில் மெல்ல மெல்ல வரவேண்டிய வருத்தம் அரை மணித்தியாலத்தில் ஒன்றாக வந்து இறங்கும். அப்படி ஒருமுறை அடிபட்டவர் திரும்ப வரமாட்டார், பக்கத்து வீட்டுப் பொடியனையும் வரவிடமாட்டார். ஆகவே கடைசியாக ஹெரோயின் பாவித்து 12 மணித்தியாலமாவது கழிய வேண்டும். மெதடோனிலிருந்து மாறுகிறவர் இன்னும் நீண்ட நேரம் காத்திருக்க வேண்டும்.

கடிகாரத்தை மட்டும் நம்பாதீர்கள், ஆளைப் பாருங்கள். கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்செறிதல், விரிந்த கண்மணி, ஓரிடத்தில் இருக்க முடியாத பதற்றம். 'கோவ்ஸ்' என்கிற அளவுகோல் இப்படிப் பதினொரு அறிகுறிகளுக்குப் புள்ளி போடும். 8 முதல் 12 புள்ளிக்கு வந்த பிறகுதான் வைத்தியர் தொடங்கச் சொல்வார். வழக்கமாக 2 அல்லது 4 மில்லிகிராமில் தொடங்கி, முதல் நாள் 8 வரை போவார்கள். பெரும்பாலானோர் நாளொன்றுக்கு 8 முதல் 16 மில்லிகிராமில் நிலைப்படுவார்கள். எவ்வளவு என்பதை வைத்தியர்தான் தீர்மானிப்பார். பயத்தில் குறைத்துக் கொடுப்பதும் பிழைதான். போதாத அளவில் இருப்பவர் பின்னேரமே தூள் தேடிப் போவார்.

[திரையில்: மிக அருகில், நாக்கின் அடி.]

இனி மேசைக்கு வருவோம். நோயாளர் முதலில் ஒரு மிடறு தண்ணீர் குடிக்க வேண்டும், வாய் காய்ந்திருந்தால் குளிசை கரையாது. நாக்கைத் தூக்கி, குளிசையை அடியில் வைக்க வேண்டும். ஐந்திலிருந்து பத்து நிமிடம் பேச்சில்லை, விழுங்கல் இல்லை. விழுங்கினால் பெரும்பகுதி ஈரலிலேயே அழிந்துபோகும், 'மருந்து கேட்கவில்லை' என்று அவர் திரும்பி வருவார். கரைந்த பிறகு மருந்தாளர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். பிறகு தண்ணீரால் கொப்பளித்து விழுங்கலாம். பல் துலக்க ஒரு மணித்தியாலம் பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் பல் பழுதாகலாம்.

ஹெரோயின் போன்றவற்றின் வேலையைத் தடுக்கும் நலொக்சோன் சேர்ந்த குளிசையும் இருக்கிறது, நான்கு பங்கு பியூப்ரெனோர்பினுக்கு ஒரு பங்கு நலொக்சோன். நாக்கின் கீழ் வைத்தால் அந்த நலொக்சோன் பெரிதாக ஒன்றும் செய்யாது. ஊசியில் ஏற்றினால் உடனே வருத்தத்தைக் கிளப்பும். பிரான்சில் நடந்ததைத் தடுக்க இது ஓரளவுக்கு உதவும்.

கடைக்கு வேண்டியவை: பூட்டிய அலுமாரி, கையிருப்பும் கொடுத்ததும் நாளுக்கு நாள் எழுதும் பதிவேடு, எழுதிய வைத்தியரின் தொலைபேசி இலக்கம், திரையிட்ட ஒரு மூலை. கடைசியாகச் சொன்னதை இலேசாக எடுக்காதீர்கள். கிண்ணியாவிலோ மூதூரிலோ மேசைக்கு முன்னால் நிற்கிறவர் யாருடைய மகன் என்று பின்னால் நிற்கிற மூன்று பேருக்குத் தெரியும். அந்தப் பத்து நிமிடம் எல்லோர் கண்ணிலும் பட நிற்க வேண்டுமென்றால் அவர் வரமாட்டார். பிரஷர் பார்க்க வருகிறவர் இருக்கும் அதே மூலையில் இருத்தினால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

ஒரு நாள் வராவிட்டால் வழக்கம்போல் கொடுக்கலாம். தொடர்ந்து சில நாட்கள் வராவிட்டால் பழைய அளவைக் கொடுக்காமல் வைத்தியரிடம் பேச வேண்டும். மெதடோனில் மூன்று நாள் தவறினாலே நிறுத்திவிட்டுக் கேட்பது பல நாடுகளின் வழக்கம். உடம்பின் தாங்குசக்தி அவ்வளவு விரைவாக இறங்கும். சிறையிலிருந்தோ புனர்வாழ்வு முகாமிலிருந்தோ வெளியே வந்த முதல் வாரங்கள் உயிராபத்தானவை என்பதும் இதனால்தான். பழைய அளவு ஹெரோயினை இழுத்தால் மூச்சு நின்றுவிடலாம்.

நித்திரைக் குளிசை, நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரிகபலின், சாராயம், இவற்றில் எது இந்த மருந்தோடு சேர்ந்தாலும் உச்சவரம்பு காப்பாற்றாது. ஆள் தடுமாறி வந்தால் அன்றைக்குக் குளிசை கொடுக்காமல் வைத்தியரைக் கூப்பிட வேண்டும். உதடு நீலம், எழுப்பினாலும் எழும்பவில்லை, மூச்சு விட்டுவிட்டு வருகிறது என்றால் உடனே 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள். அது வரும்வரை வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுங்கள். மூச்சு ஒழுங்காக வரத் தொடங்கினால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

நோன்பு காலத்தைப் பற்றிக் கேட்பவர்கள் இருப்பார்கள். ஒரு வேளை மருந்து ஒரு நாள் முழுக்க நிற்கும் என்பதால் நோன்பு திறந்த பிறகோ சஹர் நேரத்திலோ எடுக்கும்படி வைத்தியர் மாற்றிக் கொடுக்கலாம். அப்படியானால் இரவில் திறந்திருக்கும் பார்மசி வேண்டும், அல்லது நிலைப்பட்டவருக்கு வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். கொடுத்தனுப்பினால் உறையோடு, பூட்டிய பெட்டியில். எங்கள் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் பிரித்த குளிசை உதிர்ந்துபோகும். அதைவிட, ஒரு குளிசை போதும் குழந்தை ஒன்றின் மூச்சை நிறுத்த.

[திரையில்: 1927]

இது இன்று நம்மூர்ப் பார்மசிக்குப் போய்க் கேட்டு வாங்கக்கூடிய மருந்தல்ல, கேட்டு அலைய வேண்டாம். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்துக்கு எடுங்கள், அல்லது மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். போகும்போது கடைசியாக எப்போது, எவ்வளவு பாவித்தார் என்பதையும், வீட்டில் எடுக்கும் மற்றக் குளிசைகளின் பெயர்களையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்.