கணக்குக் கொப்பியில் அம்மாவின் கூலி

(கிளிநொச்சி மாவட்டக் கிராமமொன்றில், வீட்டில் இருந்து தொழில் செய்யும் தாய்மாரிடம் பேசியது)

அம்மாமார், அக்காமார், தங்கச்சிமார் எல்லாருக்கும் வணக்கம். மடியில் பிள்ளையோடு வந்தவர்கள் அப்படியே இருங்கள். பிள்ளை அழுதால் அழட்டும், நான் கொஞ்சம் உரத்துப் பேசுகிறேன்.

கையில் ஒரு பைக்கற் புழுக்கொடியல், அதுதான் அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு, கொண்டுவந்திருக்கிறேன். இதைச் செய்த அக்காவிடம் செலவு என்ன என்று கேட்டேன். "செலவு ஒன்றுமில்லை. பனங்கொட்டை பொறுக்கினது, பாத்தி எங்கட வளவு, விறகும் வளவிலயே கிடந்தது. வாறதெல்லாம் இலாபம்தான்" என்றார்.

சரி, கொட்டையைப் பாத்தியில் அடுக்கியது யார்? மூன்று நான்கு மாதம் பொறுத்திருந்து கிழங்கு கிண்டி, தோல் உரித்து, அவித்து, வெயிலில் காயப்போட்டது யார்? காகத்தையும் கோழியையும் கலைத்து, மழை இருண்டதும் உலையை விட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடி அள்ளியது யார்? அதே கைகள் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயலொன்றில் களை பிடுங்கப் போயிருந்தால் பின்னேரம் கூலி கிடைத்திருக்கும். சொந்த முற்றத்தில் செய்தால் மட்டும் அது ஏன் வேலையில்லை என்று ஆகிறது?

நானும் அப்படி இருந்தவள்தான். போரில் இடம்பெயர்ந்து, 2010இல் செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பியபோது தகரக் கொட்டிலும் ஒரு பழைய தையல் மெசினும்தான் இருந்தன. தை மாதம் வரமுன்னம், பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற இலவசச் சீருடைத் துணியோடு எல்லாரும் வருவார்கள். பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டு விளக்கு வெளிச்சத்தில் தைப்பேன். "பக்கத்து வீடுதானே, பார்த்துப் போடு" என்பார்கள். நூல் காசை மட்டும் வாங்கினேன். அந்த மாதம் முழுக்க உழைத்தேன், கடைசியில் என் பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கக் கைமாற்றுக் கேட்டு நின்றேன். அந்த இரவு இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

கூலியை எழுதாத கொப்பியில் நட்டமும் தெரியாது. அதனால்தான் இலாபம் வருகிறது என்று நம்பி, பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நின்று நுண்கடன் எடுக்கிறோம். கிழமைத் தவணை வந்ததும் முட்டை விற்ற காசு போகிறது, பிறகு தோடு அடகுக்குப் போகிறது, பிறகு அந்தக் கடனை அடைக்க இன்னொரு கடன். குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவள் வாசலில் போய் நிற்க வேண்டும். ஒன்றாய்க் கஞ்சி குடித்த பெண்களைப் பகையாக்கியது இந்த ஏற்பாடு. 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. கடன் எடுக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூலி போட்டுப் பார்த்தபிறகும் மிச்சம் நிற்கிற தொழிலுக்கு மட்டும் எடுங்கள்.

லேபல் ஒட்டுவது, சுகாதாரப் பரிசோதகரைக் காண்பது, பிரதேச செயலகத்தில் பெயர் பதிவது எல்லாம் அவசியம்தான், அதைப் பிறகு பேசலாம். இன்று வேறொரு ஆட்சேபம் இருக்கிறது. "கூலியையும் சேர்த்து விலையைக் கூட்டினால் கடைக்காரர் எடுக்கமாட்டார்" என்கிறீர்கள். உண்மை, தனியே போனால் எடுக்கமாட்டார். இந்த ஊரில் புழுக்கொடியல் போடுகிற எல்லாரும் ஒரே விலையைச் சொன்னால் அவர் யோசிப்பார். போரில் துணையை இழந்து தனியே குடும்பம் பார்க்கிற எத்தனை பேர் இங்கே இருக்கிறோம்! ஒருத்தி அவசரத்துக்கு விலையை இறக்கினால் அடுத்தவளின் பிள்ளைக்குத்தான் பால்மா இல்லாமல் போகிறது.

கொப்பி கொண்டுவரச் சொன்னேன், கொண்டுவந்தீர்களா? முன்வரிசையில் இருக்கிற இடியப்ப அக்காவின் கணக்கை இப்போது கரும்பலகையில் போடுவோம். மா, தேங்காய், விறகு பிறகு வரட்டும். அக்கா, முதலில் இதைச் சொல்லுங்கள்: விடிய எத்தனை மணிக்கு எழும்புகிறீர்கள்?